பூட்டக்கா நம்பாத சான்றிதழ்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கவரை எப்படி ஒட்டுவது என்பது பூட்டக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் ஒட்டினால் அது ஒட்டியதாகவே சேர்த்தி இல்லை. பசை தடவி, மடித்து, மேலே ஒரு டேப், குறுக்கே இன்னொரு டேப், இரண்டும் சந்திக்கிற இடத்தில் பாதி டேப்பிலும் பாதி காகிதத்திலுமாக ஒரு கையெழுத்து. யாராவது பிரித்தால் கையெழுத்து இரண்டாகக் கிழிய வேண்டும். "உங்க கவரைப் பிரிக்க தனியா ஒரு ஆபரேஷன் தியேட்டர் வேணும்மா" என்று டாக்டர்களே புலம்புவார்கள். புலம்பட்டுமே! புலம்புகிறவர்களை அவள் கண்டுகொள்வதில்லை. சிரித்துக்கொண்டே கவரை வாங்கிப் போகிறவர்கள் மேல்தான் அவளுக்கு ஒரு கண்.

பூட்டக்கா என்பது கூடத்தில் வைத்த பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வயது ஐம்பத்திரண்டு, அதில் இருபத்தாறு வருஷம் இதே கூடத்தில், ரத்தமும் சிறுநீரும் சோதித்து வருகிற முடிவுகளை உரிய டாக்டருக்கு அனுப்பிவைக்கிற வேலை. வீட்டில் பீரோவுக்கு ஒரு பூட்டு, பீரோ சாவி இருக்கிற டப்பாவுக்கு ஒரு பூட்டு, அந்த டப்பாவின் சாவி அவள் இடுப்பில். "சாவியையே பூட்டி வைக்கிறவ என் பொண்டாட்டி. நான் இன்னும் வெளியில நடமாடுறதே பெரிசு" என்பார் கணவர். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எது சொன்னாலும் "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டுகிற பிறவி. இரண்டு பேரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஒரு சாதாரண மனிதர் கிடைப்பார்.

அந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. பத்தொன்பது வயதில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். வேலையில் வந்து சேரச்சொல்லிக் கடிதமும் வந்தது. வந்தது அவளுக்குத்தான் தெரியாது. வாசலில் வாங்கிய சித்தப்பா பிரித்துப் படித்து, பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரி டூட்டி எதற்கு என்று தானே முடிவு கட்டி, அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்கு அடியில் செருகிவிட்டார். ஏழு மாதம் கழித்துத் தாளை மாற்றும்போது அது அவள் கையில் கிடைத்தது. சேரவேண்டிய தேதி எப்போதோ போயிருந்தது. அவள் கத்தவில்லை, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். அவர் சாகிறவரைக்கும் பேசவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா வந்து, இனி கவர் கிடையாது, எல்லாம் மெயில் என்று சொன்னார். டாக்டரம்மாதான் கூடத்தின் சொந்தக்காரர்.

"மெயிலை யாரு கொண்டுபோய்க் குடுப்பாங்க?"

"யாரும் கொண்டுபோக வேண்டாம். நேரா போயிடும்."

"நேரான்னா, எந்த வழியா?"

டாக்டரம்மாவுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வியைக் கேட்டவளை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பூட்டக்கா கற்றுக்கொண்டாள். கடவுச்சொல்லாக 'எவனையும் நம்பாதே' என்பதை ஆங்கில எழுத்தில் வைத்து, பின்னால் தனக்கு அந்த வேலை போன வருஷத்தைச் சேர்த்தாள். கழிப்பறைக்குப் போனால்கூடத் திரைமேல் துணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் போவாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மெயில் கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. மெயில்கள் வந்து சேர்கிற எங்கள் சர்வர் கணினியின் பெயரை மாற்றுகிறோம், நீங்களும் உங்கள் கணினியில் புதுப் பெயரைப் போடுங்கள், எப்படி என்று பார்க்க இங்கே தட்டுங்கள். தட்டுவாளா? 'தட்டு' என்று சொல்கிற மெயிலைத் தட்டாதே என்று பேப்பரில் படித்தவள் அவள். அழித்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, டாக்டர்களுக்குப் பதினொரு ரிப்போர்ட் போகவேண்டிய காலை நேரத்தில், திரையின் நடுவில் ஒரு பெட்டி முளைத்தது. சர்வர் காட்டுகிற சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை, நம்பித் தொடரலாமா என்று கேட்டது.

"நீ யாருடா? உன் சான்றிதழை நான் எதுக்கு நம்பணும்?" என்று அவள் வாய்விட்டே கேட்டாள். பெட்டியை மூடினாள். மறுபடி வந்தது. மூடினாள், வந்தது. ரிப்போர்ட்டுகள் நகரவில்லை. வேறொருத்தி என்றால் அலுத்துப்போய் 'சரி' என்று அழுத்தியிருப்பாள். பூட்டக்கா அழுத்தவில்லை. அமைப்புகளைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். 'இணைப்புப் பாதுகாப்பு' என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சான்றிதழ்க்காரன் அதன் வழியாகத்தான் வருகிறான் என்று அவளுக்குப் பட்டது. ஊர் பேர் தெரியாத ஒருத்தன் பாதுகாப்புக் கொடுக்கிறேன் என்று வந்தால் முதலில் அவனிடமிருந்துதானே தப்பிக்க வேண்டும்? அந்த வரியில் 'இல்லை' என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். பெட்டி போன இடம் தெரியவில்லை. பதினொரு ரிப்போர்ட்டும் விசுக்கென்று போயின. அவள் தன் சாமர்த்தியத்தை மெச்சி, மறுபடி தேவைப்படும் என்று அந்த வழிமுறையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கீபோர்டுக்கு அடியில் ஒட்டிவைத்தாள்.

அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் அந்த டிரைவர் படியேறி வந்தார். கட்டடம் மூன்று தளம்: கீழே வேலை வாங்கித் தருகிற ஏஜென்சி, நடுவில் பல் டாக்டர், மேலே கூடம். மூன்றுக்கும் கட்டடக்காரர் போட்டுக் கொடுத்த ஒரே வைஃபை. டிரைவர் கீழே ஏஜென்சியில் வேலைக்குப் பதிந்திருந்தார். மேலே தன் டாக்டர் சொல்லி ரத்தம் கொடுத்திருந்தார்.

"எங்க டாக்டர் இன்னும் ரிசல்ட்டைத் திறந்தே பாக்கலைங்க. அதுக்குள்ள கீழே, உங்க சர்க்கரைக்கு லாரி வேலை சரிப்படாதுன்னு அனுப்பிட்டாங்க. என் ரத்தத்துல இருக்கிறது எனக்கு முன்னாடி அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அடுத்த மாதம் சமையல் வேலைக்குப் பதிந்த ஒரு பெண் வந்தார். அவருக்கு மஞ்சள் காமாலை என்பது ஏஜென்சிக்கு முதலில் தெரிந்திருந்தது. மூன்றாவதாக ஒருவர் வந்தார், இதயக் கோளாறு உள்ளவர். அவர் சத்தம் போடவில்லை. வரவேற்பு நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். பூட்டக்காவுக்கு, என் கையால் போன கடிதத்தை எவனோ பிரித்திருக்கிறான் என்று உடம்பெல்லாம் எரிந்தது.

ரிப்போர்ட்டுகள் இரண்டே பேர் கையில்தான் வரும். அவள் ஒருத்தி. இன்னொருவர் டைப் அடிக்கிற ரேடியோ. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், பக்கத்து வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது எல்லாம் கூடத்துக்கே தெரியும். பத்தொன்பது வருஷமாக அவளை "அக்கா, அக்கா" என்று சுற்றி வந்தவர்தான். ஆனால் தினமும் பதினொரு மணிக்குக் கீழே போய் ஏஜென்சி ஆட்களோடு டீ குடிப்பார். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் ஊர் என்ன சொல்லும்? அவள் ஒரு நோட்டு போட்டு, ரேடியோ எத்தனை மணிக்கு இறங்கினார், எத்தனை மணிக்கு ஏறினார், வரும்போது முகம் எப்படி இருந்தது என்று இரண்டு வாரம் எழுதினாள். சந்தேகக் கண்ணுக்கு எல்லா முகமும் திருட்டு முகம்தான். நோட்டைக் கொண்டுபோய் டாக்டரம்மா மேஜையில் வைத்தாள்.

டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டார். ரேடியோவுக்கு முதலில் விளையாட்டு என்றுதான் பட்டது.

"நான் வாயாடிதாங்க, ஒத்துக்கிறேன். ஆனா இந்த வாயில நோயாளி பேர் ஒண்ணு வெளியே போயிருந்தா இந்த நாக்கு அழுகிப் போகட்டும்." அவர் பூட்டக்கா பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா."

அக்கா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோவை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. வெள்ளிக்கிழமை முடிவு. ரிசல்ட்டை வெளியே விட்டவன் என்று இங்கிருந்து அனுப்பினால் வேறெந்தக் கூடமும் அவரை வாசல்படி ஏற்றாது. டைப் அடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையும் தெரியாது. அது டாக்டரம்மாவை உறுத்தியிருக்க வேண்டும். "நேரம் எழுதின நோட்டெல்லாம் ஆதாரம் ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள்ள உறுதியா ஏதாவது இருந்தா குடுங்க" என்றார்.

உறுதி வேண்டுமா? பூட்டக்கா யோசித்து ஒரு பொறி வைத்தாள். ரேடியோ இல்லாத இந்த வாரத்தில் ஒரு ரிப்போர்ட் போய், அது வெளியே கசியவில்லை என்றால், கசியவிட்டவன் அவன்தானே! திங்கட்கிழமை காலை கணவரைக் கீழே அனுப்பி, வாட்ச்மேன் வேலைக்குப் பதியச் சொன்னாள்.

"எனக்கு எதுக்குடி இந்த வயசுல வேலை?"

"சும்மா பதிஞ்சிட்டு வாங்க. வாயைத் திறக்காதீங்க."

"இருக்கும், இருக்கும்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு அவர் போய்ப் பதிந்தார். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், துணியைத் திரைக்குக் கூடாரம் போலப் போட்டுக்கொண்டு, அவள் தன் கையாலேயே கணவர் பெயரில் ஒரு ரிப்போர்ட் அடித்தாள். கட்டிய புருஷனுக்குக் காசநோய் கொடுத்தாள். அச்செடுக்கவில்லை. தன்னுடைய இன்னொரு மெயிலுக்கே அனுப்பினாள். பிறகு கணினியிலிருந்து அழித்தும் விட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கணவர் ஹாலின் நடுவில் நின்று வேண்டுமென்றே இருமிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இது? ஏஜென்சிலேர்ந்து ஃபோன். பெரியவரே, உங்க நுரையீரலுக்கு ராத்திரிக் காவல் ஒத்துக்காதுங்கறான். எனக்கு இருமலே வரலையே! வரவெச்சுப் பாக்குறேன், அப்பவும் வரல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ரேடியோ வீட்டில். காகிதம் கிடையாது. ஆள் கிடையாது. அந்த ரிப்போர்ட் உலகத்தில் இருந்ததே அவளுக்கும் அந்தக் கணினிக்கும் மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை காலை அவள் மெயில் கம்பெனியைக் கூப்பிட்டாள், மதியம் அங்கிருந்து ஒரு பெண் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. பூட்டக்கா அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, கம்பெனிக்கு ஃபோன் போட்டு இப்படி ஒருத்தர் உண்டா என்று விசாரித்து, அதன் பிறகுதான் நாற்காலி கொடுத்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அமைப்புகளைத் திறந்தார். சிரிப்பு நின்றது.

"மேடம், இணைப்புப் பாதுகாப்பு 'இல்லை'ன்னு இருக்கே. யாரு மாத்தினது?"

"நான்தான். தெரியாதவன் எவனோ சான்றிதழை நீட்டி நம்பு நம்புன்னான். விடுவேனா?"

"அந்தச் சான்றிதழ் எங்களோடது. எங்க சர்வர் பேர் மாறிச்சு, உங்க கம்ப்யூட்டர்ல பழைய பேர் இருந்துச்சு. அதான் பொருந்தல. நீங்க நம்பாம நிறுத்தினது சரிதான் மேடம். இப்போ என் அட்டையை வாங்கிக் கம்பெனிக்கு ஃபோன் போட்டீங்க பாருங்க, அன்னிக்கும் அதையே செஞ்சிருக்கணும். அதை விட்டுட்டு, அட்டையே வேணாம், கதவைத் திறந்தே வைக்கிறேன்னு விட்டுட்டீங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். "எங்க மேலயும் தப்பு இருக்கு. பாதுகாப்பில்லாம வர்றவங்களை எங்க சர்வர் அப்பவே திருப்பி அனுப்பியிருக்கணும். நாங்க அந்தப் பழைய வாசலை மூடவே இல்ல."

பூட்டக்காவுக்கு முழுசாக விளங்கவில்லை. அந்தப் பெண் தன் மடிக்கணினியைத் திறந்து, கட்டடத்தின் வைஃபையில் சேர்ந்து, "ஒரு மெயில் அனுப்பிட்டு, வந்ததையும் எடுத்துப் பாருங்க" என்றார். அவள் செய்தாள். மடிக்கணினித் திரையில் வரிகள் ஓடின. அவள் எழுதிய வார்த்தைகள் அப்படியே, எழுத்துப் பிசகாமல் வந்தன. அதற்குக் கீழே அவள் கடவுச்சொல் வந்தது. எவனையும் நம்பாதே. பக்கத்தில் அவள் வேலை போன வருஷம்.

"உங்க கம்ப்யூட்டரும் எங்க சர்வரும் முதல்ல தங்களுக்குள்ள ஒரு ரகசியச் சாவி பேசி முடிச்சுக்கும். அப்புறம் வழியில போறது எல்லாம் யாருக்கும் புரியாத எழுத்தாத்தான் போகும். நீங்க அதை நிறுத்தினதால எட்டு மாசமா எல்லாம் திறந்த எழுத்தாப் போயிருக்கு. இதே வைஃபையில உக்காந்து கேக்கிறவன் யாரா இருந்தாலும் படிக்கலாம்."

"கீழே இருக்கிறவன்?"

"கீழே, நடுவுல, வாசல்ல. யாரா இருந்தாலும்."

அந்தப் பெண் புதுப் பெயரைப் போட்டார், பாதுகாப்பைத் திரும்ப வைத்தார், கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார். "எங்க சர்வருக்கு வந்து சேர்றவரைக்கும்தான் இந்தக் காவல். சேர்ந்தப்புறம் அது எங்க பொறுப்பு" என்றும் சொன்னார். "அப்போ நீங்க படிப்பீங்களா?" என்று பூட்டக்கா உடனே கேட்டாள். அத்தனை இடிந்து போயிருந்தும் அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது.

அவர் போன பிறகு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கீபோர்டுக்கு அடியிலிருந்த துண்டுக் காகிதத்தை உரித்து எடுத்தாள். தலைவாசலுக்கு ஏழு பூட்டுப் போட்டவள் கொல்லைக் கதவைத் தானே கழற்றி வைத்திருக்கிறாள். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, பாம்பு போல. இனிமேல் எதுவும் கசியாது. நாளைக்கு ரேடியோ வேலையை விட்டுப் போவார். அவர் போனார், கசிவும் நின்றது என்று எல்லோரும் சொல்வார்கள். இதைவிட உறுதியான ஆதாரம் வேண்டுமா? பொறி வைத்தது யாருக்கும் தெரியாது. கம்பெனிப் பெண் இன்னொரு தரம் வரப்போவதில்லை. பேசாமல் இருந்தால் போதும். கடிதத்தைத் தாளுக்கு அடியில் செருகிவிட்டுப் பேசாமல் இருப்பதைப் போல.

அவள் எழுந்தாள். துண்டுக் காகிதத்தோடு டாக்டரம்மா அறைக்குள் போனாள். ஒன்று விடாமல் சொன்னாள். கணவரின் காசநோய் உட்பட.

டாக்டரம்மா காகிதத்தை வாங்கிப் படித்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

"எங்க சித்தப்பாவும் அப்படித்தாம்மா நினைச்சிருப்பாரு" என்றாள் அவள். டாக்டரம்மாவுக்கு அது புரிந்திருக்காது. விளக்கம் கேட்கவும் இல்லை. மூன்று நோயாளிகளையும் அவரே ஃபோனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஏஜென்சி மேல் புகார் போனது. விசாரிக்க வந்தவர்கள் அங்கிருந்த கணினிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பூட்டக்கா எழுதி நீட்டிய ராஜினாமாவை டாக்டரம்மா வாங்கவில்லை. "யாரு இதைச் சரி பண்றது? உக்காருங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே அவள் ரேடியோ வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அவர் மனைவி உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. ரேடியோ வாசலுக்கு வந்து நின்றார். ஒரு வாரத்தில் தாடி முளைத்திருந்தது. அவள் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு என்னோடது தம்பி. உன் மேல போட்டுட்டேன். மன்னிச்சிரு" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். எந்த மனிதர் முன்னாலும் அவள் அதுவரை அழுததில்லை.

ரேடியோ முழுக்கக் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்படிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

வந்தார். டாக்டரம்மா ஒரு புது விதி போட்டிருந்தார்: மெயில் கம்பெனி சான்றிதழைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் கைரேகை போல ஒரு நீளமான எழுத்து வரிசை உண்டு. கம்பெனியில் ஒருவர் அதை ஃபோனில் படிப்பார். பூட்டக்கா கேட்டு உரக்கச் சொல்லவேண்டும். ரேடியோ திரையில் விரல் வைத்து ஒப்பிடவேண்டும்.

முதல் தடவை அன்றைக்கே நடந்தது. அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பூனை பற்றியும் சொல்லவில்லை. கூடத்தில் சோதனை இயந்திரம் சுற்றுகிற சத்தம் அவளுக்கு முதல் தடவையாகக் கேட்டது. இத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தை இவர் பேச்சு மூடியிருக்கிறது.

"நாலு, எஃப்" என்றாள்.

"ம்."

"ஒன்பது, சி."

"ம்."

கடைசி எழுத்து வரைக்கும் போனார்கள். எல்லாம் பொருந்தியது. அவள் ஃபோனை வைத்துவிட்டு, "பதினொரு மணி ஆச்சே தம்பி, டீக்குப் போகலையா?" என்று கேட்டாள்.

ரேடியோ நாற்காலியை எடுத்து அதன் பழைய இடத்தில் போட்டார். பதிவேட்டில் தன் கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடி அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரிபாத்தாச்சு. நீங்களும் கையெழுத்துப் போட்டுடுங்க, மேடம்" என்றார்.